பெட்டியைத் திறந்து விளையாட வைத்தால் விற்குமா? நெல்லைச் சிறு கடைகளுக்கான டெமோ கணக்கு

கேள்வி இதுதான். திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில், பத்துக்குப் பதினைந்து அடிக் கடை. கேரம், செஸ், தாயக்கட்டை, பல்லாங்குழி, சீட்டு வகைகள், பெட்டியில் வரும் புதிய பலகை ஆட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. வருகிறவர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்துட்டு வாரோம் அண்ணாச்சி" என்று இறங்கிவிடுகிறார்கள். கடையிலேயே ஆடிக் காட்டினால் வியாபாரம் கூடுமா, போனில் லைவ் போட்டால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடும். ஆனால் கடையில் இருக்கும் எல்லாச் சரக்குக்கும் கூடாது. லூடோவையும் பாம்பு ஏணியையும் யாருக்கும் ஆடிக்காட்ட வேண்டியதில்லை. அவை விலையைப் பார்த்து வாங்கப்படுபவை. பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாத ஆட்டம், கையில் தொட்டால் மட்டுமே தரம் தெரியும் பொருள், இந்த இரண்டுக்கும்தான் டெமோ. இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெமோ மேசையில் நீங்கள் ஆட்டத்தைக் கற்றுத்தரப் போவதில்லை. மூன்று நிமிடத்துக்குள் வாடிக்கையாளரின் கை ஒரு முறை ஜெயிக்க வேண்டும், ஆட்டம் பாதியில் நிற்க வேண்டும். மிச்ச வேலையெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

இடத்திலிருந்து தொடங்கலாம். மேசை இரண்டரைக்கு இரண்டு அடி போதும். உயரம்தான் முக்கியம். பில் போடும் மேசை உயரத்தில் வைத்தால் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாடை இடிக்கும், பலகை தெரியாது. இரண்டு அடியிலிருந்து இரண்டே கால் அடி வரை சரியாக இருக்கும். சர்வதேச கேரம் விதியிலும் ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ. வரைதான். அதனால் ஒரு நல்ல கேரம் ஸ்டாண்டின் மேல் பலகையைப் போட்டால் அதுவே டெமோ மேசை. வாசற்படியிலேயே போடாதீர்கள். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் உள்ளே வர வழியில்லாமல் போய்விடும். மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி, ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போடுங்கள். ஆடுகிறவர் முகம் தெருவைப் பார்க்கட்டும், ஆட்டம் காட்டுகிற நீங்கள் தெருவுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். தெருவில் போகிறவர்களை நிறுத்துவது சிரிக்கிற முகம். கடைக்காரர் முகத்தைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. மேலே ஒரு வெள்ளை எல்.இ.டி. பல்ப், நேர் மேலே வேண்டாம், கொஞ்சம் பின்னால். நேர் மேலே இருந்தால் லேமினேட் அட்டைகள் பளபளத்துப் படம் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு நாற்காலி அவசியம். பிள்ளை ஆடும்போது அம்மா நின்றுகொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் "வா போவோம்" என்பார். உட்கார்ந்தால் மூன்று நிமிடம் கிடைக்கும். பல்லாங்குழி, தாயம் இரண்டுக்கும் மேசையை விடத் தரைதான் தோது. ஒரு பத்தமடைப் பாயை விரித்துவிடுங்கள். கோரைப் பாயில் சோழி சிதறி ஓடாது, பித்தளைத் தாயக்கட்டை விழும் சத்தமும் அடங்கி வரும். பாட்டிமார் தானாகவே உட்காருவார்கள்.

எந்த ஆட்டத்தை எப்படிக் காட்டுவது என்பதில்தான் பெரும்பாலான கடைகள் சறுக்குகின்றன. பெட்டியைத் திறந்து, விதித்தாளை எடுத்து, "மொதல்ல ஆளுக்கு ஏழு கார்டு, அப்புறம்..." என்று ஆரம்பித்தால் பிள்ளையின் கண் அடுத்த அலமாரிக்குப் போய்விடும். ஒவ்வொரு ஆட்டத்தையும் டெமோவுக்கென்று சுருக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் டெமோக்காரருக்கென்றே அமைந்த ஒரு கணக்கு இருக்கிறது. 14 குழியிலும் ஐந்தைந்து, மொத்தம் 70 காய். கையில் உள்ளதை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது, அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்வது என்ற வழக்கமான முறையில் ஆடினால், முதல் ஆள் எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளுவார்: 5, 5, 5, 6, 6. கடைசியில் வெறுங்குழி வந்து, அதற்கடுத்த குழியிலிருந்து ஏழு காய் அவர் கைக்கு வரும். எல்லாக் குழியும் ஒரே அளவில் இருப்பதால் எங்கே தொடங்கினாலும் முடிவு மாறாது. அதனால் முதல் கையை எப்போதும் வாடிக்கையாளருக்கே கொடுங்கள். "எந்தக் குழி வேணும்னாலும் எடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். 27 காய் போடுவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. போட்டு முடிக்கும்போது விதியும் கைக்கு வந்துவிடும், ஏழு காயும் கைக்கு வந்துவிடும். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதைப் பசு என்று எடுத்துக்கொள்ளும் விதியை அதற்குப் பிறகு சொன்னால் போதும். அந்த முதல் கையில் பசு விழாது. குழிக்கு ஆறு வைத்து ஆடும் வீடுகளும் உண்டு, எதிர்க்குழியையும் சேர்த்து எடுக்கும் வழக்கமும் உண்டு. அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. டெமோவுக்கு ஐந்தே வைத்துக்கொள்ளுங்கள். காய்களைத் தினமும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கணக்கு குலையலாம்.

தாயத்தில் நேர் எதிரான சிக்கல். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் முகம். தாயம், அதாவது ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறும் முகமும், விழுந்தால்தான் காய் இறங்கும். பதினாறு வகையில் இரண்டு மட்டுமே தாயம். அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தாயமே விழாது. வீட்டில் அது சுவாரசியம், கடையில் அது வியாபாரக் கேடு. ஆளுக்கு ஒரு காயை ஏற்கெனவே இறக்கி, ஒரு காய் வெட்டுப்படும் தூரத்தில் நிற்கிற மாதிரி பலகையை அமைத்து வையுங்கள். வந்தவர் இரண்டு உருட்டில் ஒரு வெட்டு வெட்டினால் போதும். கட்டைகளைத் தனியாகவும் கையில் கொடுங்கள். வார்ப்புப் பித்தளையின் கனத்தை உணர்ந்தவர் பிளாஸ்டிக் தாயத்தைக் கேட்க மாட்டார்.

கேரம் போர்டுக்கு ஆட்டத்தைக் காட்டவே வேண்டாம், பலகையைத்தான் காட்ட வேண்டும். நம் ஊரில் கேரம் ஆடத் தெரியாத வீடு குறைவு. ஆனால் ஒரு போர்டு ஏன் மற்றொன்றின் இரண்டு மடங்கு விலை என்பது யாருக்கும் புரிவதில்லை. மெல்லிய பிளைவுட் (பிளை) போட்ட வீட்டு போர்டு ஒன்று, 8 மி.மீ.க்குக் குறையாத பிளை போட்ட போட்டி போர்டு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விதிப்படி ஆடுதளம் ஒவ்வொரு பக்கமும் 73.5 முதல் 74 செ.மீ., ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். முழு வேகத்தில் அடித்தால் அந்த ஸ்ட்ரைக்கர் சட்டத்துக்குச் சட்டம் மூன்றரை முறை போய்வர வேண்டும். இந்தச் சோதனையை வாடிக்கையாளரையே இரண்டு போர்டிலும் செய்யச் சொல்லுங்கள். ஒன்றில் ஸ்ட்ரைக்கர் இரண்டாவது ஓட்டத்திலேயே களைத்து நிற்கும், சட்டத்தில் பட்ட சத்தமும் சொத்தென்று இருக்கும். மற்றதில் கணீரென்று திரும்பி வரும். விலையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். இந்த ஒப்பீட்டு டெமோ பேச்சில்லாத டெமோ. இதுதான் எல்லாவற்றிலும் அதிக மார்ஜின் தருவது.

கேரமில் கெடுகிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பவுடரை அள்ளிக் கொட்டுவது முதல் தவறு. மூன்று விரல் சிட்டிகை ஒரு முழு போர்டுக்குப் போதும். அதிகமானால் காய் வழுக்குவதற்குப் பதில் பவுடரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் விற்பது போரிக் பவுடர். சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் என்பதால் டப்பாவை மேசையில் வைக்காமல் கல்லாப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஈரம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மாதங்களில் பிளை ஈரம் குடித்து வேகம் குறையும், நாளடைவில் வளையும். டெமோ போர்டை இரவில் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு சீசனிலேயே நடுவில் குழி விழும். நேராகச் செங்குத்தாக நிறுத்துங்கள், அல்லது சமதளத்தில் படுக்க வையுங்கள். தினமும் முதல் ஆளுக்குக் கொடுக்கும் முன் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, நீங்களே ஒரு முறை மூன்றரை ஓட்டம் பார்த்துவிடுங்கள். மெதுவாக ஓடும் போர்டில் டெமோ காட்டுவதை விடக் காட்டாமல் இருப்பது மேல்.

செஸ்ஸும் இதே வகை. மாமல்லபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைக் கூட்டின. அவர்களுடைய பெற்றோர் மடக்கும் காந்த செட்டை வாங்கிக்கொண்டு போய், கோச் திருப்பி அனுப்ப, மறுநாள் மாற்ற வருவார்கள். அந்தத் தொல்லையைக் குறைக்க மூன்று ராஜாக்களை வரிசையாக நிறுத்துங்கள்: காந்த செட், சாதாரண பிளாஸ்டிக், அடியில் கனம் வைத்த போட்டி செட். போட்டி ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., கட்டம் 5 முதல் 6 செ.மீ. தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு புரியும். ஆட்டமே தெரியாத பிள்ளைக்குச் சிப்பாய் ஆட்டம்: ராஜாவும் எட்டு சிப்பாயும் மட்டும், எதிர்க்கரையை முதலில் தொடும் சிப்பாய் ஜெயித்தது. சிப்பாய் எப்படி நகரும், எப்படி வெட்டும் என்று இரண்டே வாக்கியம் சொன்னால் ஆடிவிடும்.

புதிய பெட்டி ஆட்டங்களில் டெமோவுக்கு ராஜா, டாபிள் என்றும் ஸ்பாட் இட் என்றும் வரும் வட்டச் சீட்டு. 55 சீட்டு, ஒவ்வொன்றிலும் எட்டுப் படம், எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் சரியாக ஒரே ஒரு படம்தான் பொதுவாக இருக்கும். விதியே சொல்ல வேண்டாம். இரண்டு சீட்டைப் பிள்ளையின் முன் வைத்து, "ரெண்டுலயும் ஒண்ணு மட்டும் ஒரே மாதிரி இருக்கு, எதுன்னு சொல்லு பாப்போம்" என்றால் போதும். அம்மாவும் குனிந்து தேட ஆரம்பிப்பார். பத்து நொடியில் ஒரு "ஆங், இந்தா!" வரும். ஆளுக்கு ஐந்து சீட்டு ஓடவிட்டு நிறுத்துங்கள். மலிவுப் பதிப்பு வாங்கி விற்கிறவர்கள் முதலில் நாமே சோதித்துவிட வேண்டும். படம் பிசகி அச்சான சீட்டு ஒன்று வந்தாலும் டெமோ நடுவிலேயே மானம் போகும்.

ஊனோ வகைக்கு ஏழுக்குப் பதில் நான்கு சீட்டு கொடுங்கள். ஜெங்கா போன்ற மரக்கட்டைக் கோபுரம் 54 கட்டை, 18 அடுக்கு. அது சரிகிற சத்தம் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும், ஆனால் மறுபடி அடுக்க இரண்டு நிமிடம் தின்னும், கட்டைகள் வாசல் தாண்டும். கூட்டம் சேர்க்க மாலையில் இரண்டு முறை காட்டுங்கள், மற்ற நேரம் மூடி வையுங்கள். கத்தான் மாதிரி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆட்டங்களைத் தெருவோர டெமோவுக்குக் கொண்டுவரவே வேண்டாம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு முன்கூட்டியே சொல்லி நான்கு கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்தால் விற்கலாம். அதுவும் மாதம் ஒரு முறைக்கு மேல் தாங்காது.

கடையில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்றால் இந்த வேலை கஷ்டம், ஒத்துக்கொள்ள வேண்டும். மேசையில் ஒருவர், கல்லாவில் ஒருவர் என்பதே சரி. மேசையில் இருப்பவர் பில் போட எழுந்தால் ஆட்டம் செத்துவிடும், உட்கார்ந்தவரும் எழுந்துவிடுவார். தனி ஆளாக இருந்தால், ஆள் தேவைப்படாத பொருளை வெளியே வையுங்கள்: நடுக்குழி மட்டும் காலியாக 32 கோலி வைத்த பிரைன்விட்டா, சங்கிலியால் மேசையோடு கட்டிய கம்பிப் புதிர், கேரம் ஓட்டச் சோதனை. பிரைன்விட்டாவை விளிம்பு உயர்ந்த ஒரு தட்டுக்குள் வைத்தால் கோலி உருண்டு போகாது.

இனி நேரம். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரைதான் பயன். மதிய வெயிலில் டெமோ போட்டு உட்கார்ந்தால் ஈ ஓட்டலாம். ஐந்தரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பையன்கள் மேசையை மொய்ப்பார்கள். அவர்கள் வாங்க மாட்டார்கள், ஆனால் விரட்டவும் கூடாது. கூட்டம் இருக்கிற மேசைக்குத்தான் கூட்டம் வரும், போதாததற்கு இவர்கள்தான் வீட்டில் போய்ச் சொல்பவர்கள். ஆறு கால் வரை அவர்களுக்கு, "ஆளுக்கு ஒரு ஆட்டம்" என்று எழுதி மாட்டிவிட்டு. ஆறரைக்குக் குடும்பங்கள் வர ஆரம்பித்ததும் மேசையைத் துடைத்து ஆட்டத்தை மாற்றுங்கள். ஆட்டம் மாறினால் பையன்கள் பைய நகர்வார்கள்.

மாதத்தில் முதல் பத்து நாள் கேரம், போட்டி செஸ் போன்ற பெரிய விலைக்கு. மூன்றாம் வாரம் நூறு இருநூறு ரூபாய்ச் சீட்டு வகைகளுக்கு. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் டெமோவைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடலாம். எந்த அப்பாவும் அப்போது விளையாட்டுச் சாமானோடு வீட்டுக்குப் போக மாட்டார். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து இழந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம் நடக்கும் அன்று டவுனில் மேசை போடாதீர்கள், நிற்க இடமிருக்காது, காய்தான் காணாமல் போகும். அதற்கு முந்தைய திருவிழா மாலைகள்தான் நல்லவை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்பே பரமபதப் படத்தை விரித்து, பக்கத்தில் தாயக்கட்டையை வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்தப் பத்து நாள் தாண்டினால் பரமபதம் அடுத்த வருடம் வரை அலமாரியில்தான். குற்றாலம், தென்காசியில் கடை என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லாட்ஜில் தங்கும் குடும்பங்கள்தான் வாடிக்கை. அருவியில் குளித்துவிட்டு ஈரக் கையோடு வருகிறார்கள். பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு ஒன்றை ஒரு சின்ன வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்து, கலைத்துக் காட்டுங்கள். அங்கே வேறு டெமோவே தேவையில்லை.

விற்பனையை முடிக்கிற தருணம். ஆட்டம் சூடு பிடித்து, அடுத்த கை அவர் முறை என்கிறபோது நிறுத்துங்கள். "மீதிய வீட்டுல போய் ஆடுங்க" என்று சிரித்துக்கொண்டே, மேசைக்கு அடியில் தயாராக வைத்திருக்கும் பிரிக்காத பெட்டியை எடுத்துப் பிள்ளையின் கையில் அல்ல, பெற்றோர் கையில் கொடுத்து, விலையை ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்தால் அழவைத்து விற்கிற மாதிரி ஆகிவிடும். அந்த அம்மா மறுபடி கடைக்கு வர மாட்டார். பெட்டி எட்டும் தூரத்தில் இல்லாமல் "இருங்க, குடோன்ல இருந்து எடுத்துட்டு வாரேன்" என்று போனால், திரும்பி வரும்போது நாற்காலி காலியாக இருக்கும். குறைந்தது நான்கு பீஸ் ஸ்டாக் இல்லாத ஆட்டத்தை டெமோவில் வைக்காதீர்கள்.

பெற்றோர் கேட்பது மூன்று: எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம் ஓடும், எந்த வயசு. இவற்றைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி வைத்துவிட்டால் உங்கள் வாய் மிச்சம். "மூளை வளருமா" என்று கேட்டால் வளரும் என்று அடித்துவிடாதீர்கள்; "ரெண்டு மணி நேரம் போனைக் கேக்க மாட்டான்" என்பதே அவருக்குப் போதுமான பதில். "ஆன்லைன்ல கொறச்சுல்லா கெடக்கு" என்றால், ஆன்லைன் சரக்கு போலி என்று பழிக்காதீர்கள். காய் தொலைந்தால் தனிக்காய் தருவது, ஸ்ட்ரைக்கரை மாற்றித் தருவது, ஒரு வாரத்தில் வந்து விதி கேட்டால் சொல்லித்தருவது: இவை உங்களிடம் மட்டுமே உண்டு. பழைய ஸ்டாக்கில் எம்.ஆர்.பி. ஸ்டிக்கரையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேரம், செஸ், லூடோ போன்ற பலகை ஆட்டங்களுக்கும் சீட்டுக்கட்டுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். திறந்து வைத்த டெமோ பீஸின் பெட்டியிலும் அது தெரிகிற மாதிரி வையுங்கள்.

தோற்கடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வேலை பார்க்கும் இளந்தாரிகளுக்குப் பிள்ளைகளை ஜெயித்துக் காட்டுவதில் ஒரு குஷி. எட்டு வயதுப் பிள்ளை தோற்ற ஆட்டத்தை அதன் அப்பா வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. பிள்ளையும் அப்பாவும் ஆடட்டும், கடைப் பையன் காய் பொறுக்கட்டும்.

பரிசு கொடுப்பதென்றால் திறமைக்குக் கொடுங்கள்: ஒரே அடியில் சிவப்பைப் போட்டால் ஒரு ஸ்ட்ரைக்கர் என்பது போல. சீட்டு எழுதிக் குலுக்குவது வேண்டாம். லாட்டரி தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்யப்பட்ட ஒன்று, அந்தச் சாயல் கடைக்கு எதற்கு. ரம்மி டெமோவும் வேண்டாம். காசு வைத்து ஆடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னால் போதும், மேசையை எடுக்க வேண்டி வரும்.

டெமோ பீஸ் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கணக்கு எளிது. உதாரணத்துக்குக் கொள்முதல் 450, விற்பனை 600 என்றால் பீஸுக்கு 150 ரூபாய் நிற்கும். டெமோவுக்குத் திறந்த ஒரு பெட்டி, கூடுதலாக மூன்று விற்றால் அடைந்துவிடும். "கூடுதலாக" என்ற சொல்தான் முக்கியம். எப்படியும் விற்றிருக்கும் மூன்றைச் சேர்க்கக் கூடாது. இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஆட்டம், உட்கார்ந்தவர்கள், வாங்கியவர்கள். ஒரே ஆட்டத்தை ஒரு வாரம் மேசையில் வையுங்கள், அடுத்த வாரம் எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள், மூன்றாம் வாரம் திரும்ப வையுங்கள். மேசையில் இருந்த வாரத்துக்கும் இல்லாத வாரத்துக்கும் உள்ள வித்தியாசமே டெமோவின் பலன். சம்பள வாரம், விடுமுறை, திருவிழா மூன்றும் கணக்கைக் குழப்பும், அதனால் இரண்டு சுற்றாவது பாருங்கள். இருபது பேர் உட்கார்ந்து ஒருவர்தான் வாங்கினார் என்றால் ஆட்டம் நன்றாக இருக்கிறது, விலைதான் இடிக்கிறது. அதே வகையில் சின்னப் பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். யாருமே உட்காரவில்லை என்றால் பெட்டியை மூடி அலமாரிக்கு அனுப்புங்கள். திறந்த பெட்டியைப் புதியதென்று விற்காதீர்கள். "டெமோ பீஸ்" என்று எழுதிக் குறைத்து விற்றுவிடலாம். மூடியின் உள்பக்கம் காய் எண்ணிக்கையை எழுதி ஒட்டி, கடை சாத்தும்போது எண்ணுங்கள்: கேரம் என்றால் 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு, ஸ்ட்ரைக்கர் இரண்டு.

போன் லைவ். கடை டெமோ கைக்கு வந்த பிறகு இதற்கு வாருங்கள், முன்னால் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்கிலிருந்து லைவ் போக 2025 முதல் ஆயிரம் ஃபாலோயர் வேண்டும். யூடியூபில் மொபைல் லைவுக்கு 50 சப்ஸ்கிரைபர் போதும், முதல் முறை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், அதனால் முந்தின நாளே தட்டிவையுங்கள். லைவிலேயே பொருளை ஒட்டி விற்கும் வசதியை ஃபேஸ்புக் 2022-லும் இன்ஸ்டாகிராம் 2023-லும் நிறுத்திவிட்டன. ஆகவே ஆர்டர் எப்படியும் வாட்ஸ்அப்புக்குத்தான் வரவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து அட்டையில் எழுதி, பலகைக்குப் பக்கத்தில் கேமராவில் தெரியும்படி விலையோடு நிறுத்துங்கள். "நாலாம் நம்பர் வேணும்" என்று முதலில் மெசேஜ் அனுப்பியவருக்குப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைப்பது, பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு. இந்த விதியை லைவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லுங்கள், இல்லையென்றால் மறுநாள் சண்டை.

கேமரா உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. போனை ஸ்டாண்டில் மேலிருந்து சாய்வாகப் பலகையைப் பார்க்க வையுங்கள். இரண்டு கைகள் ஆடுவதுதான் படம். மின்விசிறியை நிறுத்துங்கள், சீட்டும் பறக்கும், சத்தமும் கேட்காது. பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமையால் ஒலியை முடக்கிவிடுவார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் படத்தில் விழுவதென்றால் பெற்றோரிடம் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். முப்பது நிமிடம், ஐந்து பொருள், அதற்கு மேல் வேண்டாம். லைவ் முடிந்த பிறகு ஒவ்வொரு பொருளையும் ஒரு நிமிடத் துண்டாக வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள்; லைவில் வந்ததை விட அதில் வரும் ஆர்டர்தான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், குறிப்பாக 25, 30 பீஸ் கேட்கும் பிறந்தநாள் ரிட்டன் கிஃப்ட் ஆர்டர்.

லைவில் கேரம் போர்டைக் காட்டலாம், ஆனால் வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவதாக வாய் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். பேக்கிங்கோடு 90, 90, 8 என்றால் 13 கிலோவுக்குக் கட்டணம், உண்மை எடை எவ்வளவாக இருந்தாலும். தென்காசி, கோவில்பட்டி, திருச்செந்தூர் தூரத்துக்குப் பஸ் பார்சலோ லாரி பார்சலோதான் கட்டுப்படியாகும். நான்கு மூலைக்கும் கெட்டி அட்டை மடித்து வைத்து, ஆடுதளத்தின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு, காய்ப் பெட்டியைத் தனியாகக் கட்டி அனுப்புங்கள். போர்டின் மேலேயே காய்ப் பெட்டியை வைத்துக் கட்டினால் போய்ச் சேரும்போது நடுவில் ஒரு கீறல் நிச்சயம்.